“ஒரே ஒரு குவார்ட்டர்தானுங்க”: போதை மீட்புப் பணியாளர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்தப் பகுதிக்கு வழக்கமாகக் குடும்பத்தாரிடமிருந்துதான் கடிதங்கள் வரும். இம்முறை வந்தவற்றில் ஆறு கடிதங்கள், சிகிச்சை தரும் பக்கத்தில் நிற்பவர்கள் எழுதியவை. 1921இல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலுக்காகத் தெருவில் இறங்கினார்கள். 1937 அக்டோபர் 1 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தில் முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. கடையைத் திறப்பதா மூடுவதா என்று நம் வட்டாரம் நூறாண்டுகளாகப் பேசிவருகிறது. குடித்து நோயுற்றவரின் கட்டிலருகே நிற்கும் செவிலியருக்கும் ஆலோசகருக்கும் என்ன தெரிந்திருக்க வேண்டும், தெரியாததை அவர்கள் யாரிடம் போய்க் கேட்பது என்ற பேச்சு மட்டும் நம்மிடம் மிகவும் குறைவு. ஆகவே இந்த இதழில் இடம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, ஒரு போதை மீட்பு மையத்தில் ஏழு மாதங்களாக ஆலோசகராக இருக்கிறேன். சேர்ந்த அன்று ஒரு கட்டுப் படிவங்களைக் கையில் கொடுத்தார்கள். பயிற்சி எதுவும் தரவில்லை. குடிப்பழக்கத்தை அளக்கும் ‘ஆடிட்’ கேள்வித்தாளை எல்லோருக்கும் போடுகிறேன். தினமும் குடிப்பவருக்குக்கூட மதிப்பெண் குறைவாகவே வருகிறது. தாளில் குறையா, என்னிடம் குறையா? முறையாக எங்கே கற்றுக்கொள்வது? (ஆலோசகர், பல்லடம் வட்டம்)

பதில்: தாளில் குறை இல்லை. தாளின் கணக்கை நம் ஊர்ப் பேச்சோடு பொருத்திப் பார்க்க உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய அந்தத் தாளில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண்கள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் தீங்கு விளைவிக்கக்கூடிய குடி என்று கொள்ள வேண்டும். அதன் இரண்டாம் கேள்வி, குடிக்கும் நாளில் எத்தனை ‘டிரிங்க்’ என்று கேட்கிறது. அங்கே ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் தூய ஆல்கஹால். நம் முன்னால் உட்கார்ந்திருப்பவரோ, “அளவாத்தானுங்க, ஒரே ஒரு குவார்ட்டர்தானுங்க” என்கிறார். நாமும் ஒன்று என்று குறித்துக்கொள்கிறோம். 180 மில்லி குவார்ட்டரில் ஆல்கஹால் 42.8 விழுக்காடு, எடைக்கு மாற்றினால் ஏறத்தாழ 60 கிராம். அவர் சொன்ன ஒன்று, தாளின் கணக்கில் ஆறு. அதில் பாதியான கட்டிங் என்றால் மூன்று. 8 விழுக்காடுள்ள 650 மில்லி பீர் என்றால் நான்கு.

தினமும் ஒரு குவார்ட்டர் குடிப்பவருக்குப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு அடிக்கடி குடிக்கிறார் என்ற முதல் கேள்விக்கு 4. இரண்டாம் கேள்வியில் ஒன்று என்று எழுதினால் 0, ஆறு என்று எழுதினால் 2. மூன்றாம் கேள்வி, ஒரே வேளையில் ஆறு டிரிங்க் அல்லது அதற்கு மேல் குடிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது. ஒன்று என்று எண்ணியவர் அங்கேயும் 0 போடுவார். ஆறு என்று எண்ணியவர் 4 போடுவார். முதல் மூன்று கேள்விகள் முடிவதற்குள் ஒரே மனிதருக்கு ஒருவர் 4 போட்டிருப்பார், இன்னொருவர் 10 போட்டிருப்பார். முதலாமவர் “பயமில்லை” என்று அனுப்பிவைத்தவரை இரண்டாமவர் மருத்துவரிடம் அனுப்புவார். இனிமேல் “எத்தனை?” என்று கேட்காமல், “எது, எவ்வளவு, எந்த அளவில் ஊற்றுவீர்கள்?” என்று கேளுங்கள். காட்டச் சொல்வதற்கு அளவுக்கோடு போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று மேசையில் இருக்கட்டும். காலி மதுபாட்டிலை வைக்க வேண்டாம். அதைக் கண்ணால் பார்த்தாலே சிலருக்கு வேட்கை கிளம்பிவிடும்.

கற்றுக்கொள்ளும் இடங்கள் நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அவர்கள், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பின் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, சிகிச்சையோடு பணியாளர் பயிற்சியையும் நெடுங்காலமாக நடத்திவருகிறது. உங்கள் மையம் மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் மானியத்தில் இயங்குவதாக இருந்தால், தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பயிற்சிகளுக்கு உங்களை அனுப்பும்படி நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் மறந்துபோகும். கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு அமைப்பு உருவாக்கிய உலகப் பொதுச் சிகிச்சைப் பாடத்திட்டத்தின் அடிப்படைநிலையில் எட்டுப் பாடங்கள் உள்ளன. மூளையில் போதைப்பொருள் என்ன செய்கிறது என்பதில் தொடங்கி, ஆலோசனைத் திறன், ஆவணம் எழுதுதல், நெருக்கடி மேலாண்மை, தொழில் அறம் வரை அவை செல்கின்றன. 2015இல் தொடங்கிய ‘இசப்’ என்னும் பன்னாட்டுப் பணியாளர் சங்கத்தில் கட்டணமின்றி உறுப்பினராகலாம்.

ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனம் ‘எக்கோ’ முறையில் காணொளி வழியே நடத்தும் வகுப்புகளைச் சொல்வேன். 2003இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர், தொலைதூர ஊர்களின் ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்காகத் தொடங்கிய முறை இது. நிபுணரின் விரிவுரை சிறிது நேரந்தான். மீதி நேரமெல்லாம் பங்கேற்பவர்கள் தாம் பார்க்கும் நோயாளியைப் பற்றிப் பெயர் சொல்லாமல் விவரிக்க, மற்றவர்கள் கேள்வி கேட்டு வழி சொல்கிறார்கள். மூன்று நாள் பட்டறைக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிவந்தவர், ஆறு மாதம் கழித்துப் பழைய வழக்கத்துக்கே திரும்பியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தன் கேஸைத் திரும்பத் திரும்பப் பிறர் முன் வைத்துப் பேசியவர் அப்படித் திரும்புவதில்லை. வகுப்புகள் ஆங்கிலத்தில் இருப்பது தயக்கமாக இருந்தால், பல்லடம், திருப்பூர், அவிநாசி மையங்களின் ஆலோசகர்கள் நாலைந்து பேர் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் கூடி உட்காருங்கள். ஆளுக்கு ஒரு கேஸ் கொண்டுவந்தால் போதும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அழையுங்கள். கூப்பிட்டால் வரக்கூடியவர்களாகத்தான் நான் அவர்களை அறிவேன்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கால் முறிந்து சேர்ந்த ஒருவர் மூன்றாம் நாள் இரவு திடீரென்று உளற ஆரம்பித்து, டிரிப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து ஓடப் பார்த்தார். அவர் தினமும் குடிப்பவர் என்று அப்புறந்தான் தெரிந்தது. நாங்கள் எதைக் கவனிக்காமல் விட்டோம்? (செவிலியர், தாராபுரம்)

பதில்: நான் பயிற்சி மருத்துவராக இருந்த மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில், பள்ளிபாளையத்திலிருந்து வந்த தறி ஓட்டும் தொழிலாளி ஒருவர் சேர்ந்திருந்தார். மூன்றாம் நாள் நள்ளிரவில் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு விரலால் எதையோ எடுப்பதும் முறுக்குவதும் முடிபோடுவதுமாக இருந்தார். கண்கள் எங்களைப் பார்க்கவே இல்லை. உடம்பு வியர்வையில் நனைந்திருந்தது. அறுந்த இழையை அவர் முடிந்துகொண்டிருந்தார் என்பது வார்டு உதவியாளராக இருந்த, தறிக்காரக் குடும்பத்துப் பெண்மணிக்குத்தான் புரிந்தது. எங்களில் யாருக்கும் அது புரியவில்லை. மனம் பேதலித்துவிட்டது என்று எழுதிக் கட்டிலோடு கட்டிவைத்தோம். சேர்க்கையின்போது குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டவர் ஒருவருமில்லை. அந்தக் கேஸ் ஷீட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அது ‘டெலிரியம் டிரெமன்ஸ்’. நாள்பட அதிகமாகக் குடித்துவந்தவர், விபத்தாலோ அறுவைச் சிகிச்சையாலோ திடீரென்று நிறுத்த நேரும்போது, கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருமானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். நினைவுக் குழப்பமும் பொய்த்தோற்றங்களும் இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாள் வரையில் தலைகாட்டும். கவனிக்காமல் விட்டால் உயிரையே எடுக்கக்கூடியது அது. ஆகவே சேர்க்கும்போது நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று: தினமும் குடிப்பவரா, கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது வலிப்போ உளறலோ வந்ததா. மனைவியையும் தாயையும் தனியே கேளுங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். நடுக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் விரல்நுனியோடு உங்கள் விரல்நுனியை வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

குடியை நிறுத்தியதும் வரும் அறிகுறிகளை அளக்க ‘சிவா’ என்று சொல்லப்படும் அளவுகோலில் நடுக்கம், வியர்வை, பதற்றம், குமட்டல், தலைவலி, இடம் நாள் பற்றிய தெளிவு என 10 அம்சங்கள், மொத்தம் 67 மதிப்பெண்கள். அதைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிரப்பினால் மருத்துவர் டயசெபாம் வகை மருந்தின் அளவை அதற்கேற்ப முடிவு செய்வார். ஈரல் கெட்டவருக்கு லோரசெபாம் போன்றவற்றைத் தேர்வார். இன்னொன்றை மறக்கவே கூடாது: குடிநோயாளிக்குக் குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதற்கு முன் தயமின் என்னும் பி1 வைட்டமின் ஊசி போயிருக்க வேண்டும். உடம்பில் தயமின் வறண்டிருக்கும் நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் ‘வெர்னிக்’ என்னும் மூளைப் பாதிப்பு வரவோ முற்றவோ கூடும். வேலை முடிந்துவந்த அலுப்பில் ஆங்கிலக் கையேடு படிப்பது கடினம் என்பது தெரிந்ததே. ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் ‘எம்.எச்.கேப்’ கையேட்டில் மது, போதைப்பொருள் பற்றிய பகுதி, மனநல நிபுணர் இல்லாத மருத்துவமனைகளுக்கென்றே எழுதப்பட்டது, கட்டணமின்றிக் கிடைக்கிறது. அந்த ஒரு பகுதியை மட்டும் அச்செடுத்து நர்ஸ் மேசையில் வையுங்கள்.

2019இல் வெளியான மத்திய அரசின் தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெறுகிறார் என்கிறது. மீதி 37 பேர் நம் எலும்பு முறிவு வார்டுக்கும் வயிற்றுவலி ஓ.பி.க்கும் வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களை முதலில் பார்ப்பவர் நீங்கள்தான்.

கேள்வி: பனியன் கம்பெனி ஒன்றிலிருந்து எங்கள் மையத்துக்குத் தொழிலாளர்களை அனுப்புகிறார்கள். பணத்தைக் கம்பெனி கட்டுவதால், யார் யார் மறுபடி குடித்தார்கள் என்று மாதந்தோறும் பட்டியல் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? (மைய மேலாளர், திருப்பூர்)

பதில்: கொடுக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதன் 23ஆம் பிரிவு சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்குகிறது. பணம் கட்டியவர் யார் என்பது அந்த உரிமையை மாற்றாது. தொழிலாளி எழுத்து மூலம் சம்மதித்தால், சிகிச்சைக்கு வருகிறார் என்ற அளவுக்கு மட்டும் தெரிவிக்கலாம். அதே சட்டத்தின்படி உங்கள் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதையும், யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைப்பதை 95ஆம் பிரிவு தடுக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: “அவருக்குத் தெரியாம காப்பில கலந்து குடுக்கறதுக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க டாக்டர்” என்று வாரம் ஒருவராவது வந்து அழுகிறார்கள். மறுத்தால் வேறிடத்தில் வாங்கிவிடுகிறார்கள். என்ன செய்வது? (பொது மருத்துவர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: மறுத்தது சரி. மறுப்போடு நிறுத்திவிடாமல், ஏன் என்று அந்தப் பெண்மணிக்குப் புரியும்படி சொல்லுங்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் டைசல்ஃபிராம். மது உடம்பில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடை மேற்கொண்டு சிதைய விடாமல் அது தடுக்கிறது. மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயநோய் உள்ளவர் இறந்துபோகவும் கூடும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் தாக்கம் நீடிக்கும். தெரிந்து விரும்பி எடுப்பவருக்கு, கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் கழித்து, சோதனைகள் செய்து தர வேண்டிய மருந்து அது. அறியாதவர் காப்பியில் அது நஞ்சுக்குச் சமம். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் உண்டு என்று சொல்லி, கணவரை ஒருமுறையாவது வயிற்று எரிச்சலுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ பார்க்க அழைத்துவரச் சொல்லுங்கள். அழுதுகொண்டு வந்தவரும் உங்கள் நோயாளிதான். அவர் எப்படித் தூங்குகிறார், வீட்டில் அடி விழுகிறதா என்று கேளுங்கள். குடும்பத்தாருக்கென்று 1951இல் தொடங்கிய அல்-அனான் கூட்டங்களையும், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: பதினைந்து வருடம் போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்து, மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் கிடந்து, குடித்தே எல்லாவற்றையும் தொலைத்தவன் நான். நாலரை வருடமாகக் குடிக்கவில்லை. இப்போது எந்த மையத்தில் மீண்டேனோ அங்கேயே வேலை பார்க்கிறேன். “நான் விட்டுப்போட்டேன், நீயும் விடு” என்று சொன்னால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் போன் வருகிறது. சில நாள் எனக்கே ஆசை வந்துவிடுகிறது, யாரிடமும் சொல்லவில்லை. (திருச்செங்கோடு)

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். உங்களுக்கு வேட்கை வருவது வெட்கப்பட வேண்டிய செய்தியல்ல. அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. இந்த வாரமே உங்கள் மைய மருத்துவரிடம் சொல்லுங்கள். குடியிலிருந்து மீள்பவர்கள் கூடும் ஏ.ஏ. கூட்டத்துக்கு நீங்கள் போகும்போது பணியாளராகப் போகாதீர்கள். நோயாளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அவர்களோடு உட்காருவது உங்கள் வேலை. உங்களுக்காக நீங்கள் உட்காரும் கூட்டம் வேறு ஊரில், வேறு நாளில் இருக்கட்டும்.

உங்கள் அனுபவம் எங்கள் படிப்பால் ஈடுசெய்ய முடியாதது. மத்திய அரசின் போதைத் தடுப்புத் திட்டத்திலேயே மீண்டவர்களுக்கும் சகாக்களுக்கும் தனி இடமிருக்கிறது. ஆனால் அனுபவத்தை முதலில் வைத்தால் எதிரிலிருப்பவர் பேச இடமில்லாமல் போகிறது. வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் எழுதி, பின்பு உலகெங்கும் பரவிய ஊக்கமூட்டும் நேர்காணல் முறையில் இதற்கு வழி இருக்கிறது. ஒருவர், “விடோணும்னுதான் இருக்குதுங்க, ஆனா வண்டியேறிட்டா முடியறதில்லீங்க” என்கிறார். “மனசு வெச்சா முடியும், என்னையப் பாரு” என்றால் அவர் முடியாததற்கான காரணங்களை அடுக்குவார். “விடோணும்னு இருக்குது. வீட்டுல இருக்கறப்ப எத்தன நாள் தொடாம இருந்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “பொங்கலுக்கு வந்தப்ப பதினோரு நாளுங்க” என்பார். அந்தப் பதினோரு நாள் எப்படி முடிந்தது என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் உங்கள் வேலை. அவர் கேட்டபிறகு உங்கள் கதையைச் சொல்லுங்கள்; அப்போது காது கொடுப்பார்.

ராத்திரி அழைப்புகளுக்கு, மையத்தின் பெயரில் ஒரு எண்ணை வைத்து முறை போட்டுக்கொள்ளும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். உங்கள் சொந்த எண்ணைக் கேட்பவர்களுக்கு 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணைக் கொடுங்கள். யாருக்கும் கைமாற்றாகப் பணம் கொடுக்காதீர்கள். நூறு ரூபாயாக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொண்டிருந்த 22 வயதுப் பையன், எங்கள் மையத்தில் ஒரு மாதம் நன்றாக இருந்து வீட்டுக்குப் போனான். ஆறாம் நாள் இறந்துவிட்டான். அவனுக்கு ஆலோசகர் நான்தான். மூன்று வாரமாகத் தூக்கமில்லை. புதிதாக வருபவர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. திங்கட்கிழமை அவன் அம்மா, அவனுடைய பையை வாங்கிக்கொள்ள வருகிறார். (ஆலோசகர், கோவை)

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நோயாளியை இழந்த ஆலோசகருக்குத் துக்கம் அனுசரிக்க நாள் கொடுப்பது நம் மையங்களில் வழக்கமில்லை. அடுத்த நாள் காலை ஒன்பதரை மணிக்கு அடுத்த டோக்கன் வந்துவிடுகிறது. அது தவறு என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். தூக்கமின்மை மூன்று வாரமாக நீடிப்பதால், நீங்கள் மருத்துவர் ஒருவரைப் பார்த்தாக வேண்டும். உங்கள் மையத்துக்கு வெளியே உள்ளவராக இருந்தால் நல்லது.

அந்தப் பையனுக்கு என்ன நடந்தது என்பதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. பொதுவாக நடப்பதை மட்டும் சொல்கிறேன், மற்ற மையங்களும் படிப்பதற்காக. ஓபியாய்டு எனப்படும் அபின் வகைப் பொருளைச் சில வாரங்கள் நிறுத்தும்போது உடம்பு அதைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடுகிறது. வெளியே போய்ப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. இதனால்தான் புப்ரெநார்ஃபின் போன்ற மருந்தைத் தொடர்ந்து கொடுக்கும் சிகிச்சை, வெறுமனே நிறுத்திவைத்து அனுப்புவதைக் காட்டிலும் உயிர்களைக் காக்கிறது. மூச்சு நிற்பதை மாற்றும் நலோக்ஸோன் மருந்தைப் பற்றியும், நீலம் பாரித்த உதடு, குறட்டை போன்ற மூச்சு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி என்ற அடையாளங்களைப் பற்றியும் வீட்டாருக்குச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். இதை உங்கள் மையம் உங்களுக்குக் கற்றுத் தந்திருந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்தப் பொறுப்பு உங்கள் ஒருவர் தோளில் ஏற வேண்டியதில்லை. ஒருவரையொருவர் குற்றம் சாட்டாமல், மருத்துவர், செவிலியர், ஆலோசகர், மேலாளர் எல்லோரும் சேர்ந்து அவன் கேஸ் ஷீட்டை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒருமுறை படித்துப் பேசும் கூட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்.

போதை நோயில் மறுபடி சறுக்குவோர் 40 முதல் 60 விழுக்காடு வரை இருக்கிறார்கள். ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் நோய் திரும்புவதும் ஏறத்தாழ இதே அளவுதான். ரத்த அழுத்தம் கூடிப்போய்ப் பக்கவாதம் வந்தவரைப் பார்த்து எந்த மருத்துவரும் தன் வாழ்க்கையே தோற்றுவிட்டதாக நினைப்பதில்லை.

திங்கட்கிழமை அந்தப் பையை நீங்களே எடுத்துக் கொடுங்கள். கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் உள்ளே இருப்பவற்றைச் சரிபார்த்து, துணிகளைத் துவைத்து மடித்து வையுங்கள். அம்மாவை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அவர் பேசினால் கேளுங்கள். “மருந்து குடுத்தீங்களே, ஏஞ்சாமி இப்படி ஆச்சு?” என்று கேட்டால், விளக்கத்தை முதலில் எடுக்காமல், அவன் இங்கே இருந்த ஒரு மாதத்தில் நீங்கள் பார்த்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்: கேரம் விளையாடியதோ, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டதோ, எது உண்மையாக இருந்ததோ அதை. அவர் போன பிறகு, அன்றைய மற்ற அமர்வுகளை வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும்.